91.8 பர்சன்டைல், 187.5 கட்-ஆஃப்: ஒரு வருடம் டிராப் எடுத்து ஜே.இ.இ. மறுபடி எழுதலாமா?

கொங்குப் பகுதியிலிருந்து 18 வயது மாணவி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழி. பிறகு மாநிலப் பாடத்திட்டத்தில் ஆங்கில வழி. 2025 மார்ச்சில் பிளஸ் டூ எழுதிக் கணிதத்தில் 96, இயற்பியலில் 91, வேதியியலில் 92 வாங்கியிருக்கிறார். தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சிலிங்குக்கான (டி.என்.இ.ஏ.) கட்-ஆஃப் 200-க்கு 187.5. கோவையில் ஒரு நல்ல தன்னாட்சிக் கல்லூரியில் இ.சி.இ. (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) கிடைக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். விரும்பும் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதியும் சாய்ஸ் ஃபில்லிங் தொடங்க இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன.

என்.ஐ.டி. போன்ற மத்தியப் பொறியியல் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயினுக்குக் காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகுதான் படிக்கத் தொடங்கினாராம். பதினொன்றாம் வகுப்புப் பாடங்களில் பாதியைத் திருப்பிப் பார்க்கவே நேரமில்லை. ஜனவரியில் 84.6 பர்சன்டைல், ஏப்ரலில் 91.8. பொதுப் பிரிவில் விண்ணப்பித்திருந்ததால் ஐ.ஐ.டி.களுக்கான அடுத்த கட்டத் தேர்வான அட்வான்ஸ்டு எழுதத் தகுதி கிடைக்கவில்லை. "1.3 பர்சன்டைலில் எல்லாம் போய்விட்டது. பி.சி. சாதிச் சான்றிதழ் இருந்தும், அப்பாவின் ஆண்டுச் சம்பளம் 8 லட்சத்துக்கு மேல் என்பதால் ஓ.பி.சி. போட முடியாது என்று இ-சேவை மையத்தில் சொல்லிவிட்டார்கள்" என்கிறார். அப்பா அரசுப் பள்ளி இடைநிலை ஆசிரியர். அம்மா வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்.

கல்லூரியில் சேராமல் ஒரு வருடம் டிராப் எடுத்தால் இந்த 187.5 வீணாகிவிடுமா, கல்லூரியில் சேர்ந்துவிட்டால் ஜே.இ.இ. எழுதவே முடியாதா, அட்வான்ஸ்டை எத்தனை முறை எழுதலாம் என்று கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: "பெண் பிள்ளைக்கு ஒரு வருடம் போனால் போனதுதான் என்று அம்மா அழுகிறார். அவர் சொல்வது சரிதானோ என்று எனக்கே பயமாக இருக்கிறது."

அன்புள்ள மாணவிக்கு,

டிராப் எடுக்கலாமா என்ற கேள்விக்கு வருமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்கள் கடிதத்தில் மிகப் பெரிய இழப்பு 91.8 அல்ல, அந்த 8 லட்சம் பற்றிய தவறான தகவல்.

மத்திய அரசின் ஓ.பி.சி. பிரிவில் 'கிரீமி லேயர்' (ஒதுக்கீடு பெற முடியாத வசதியான பிரிவினர்) யார் என்று பார்க்கும்போது பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்த 8 லட்சத்தில் சேராது. வாடகை, வட்டி, வியாபாரம் போன்ற பிற வருமானம் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அந்த அளவைத் தாண்டினால்தான் தடை. அரசு ஊழியர்களுக்குச் சம்பளத் தொகையைப் பார்ப்பதில்லை, பதவியைத்தான் பார்க்கிறார்கள். தாய் தந்தையில் ஒருவர் குரூப் ஏ பதவியில் நேரடியாகச் சேர்ந்தவராகவோ, தந்தை குரூப் பி-யிலிருந்து 40 வயதுக்குள் குரூப் ஏ-வுக்குப் பதவி உயர்வு பெற்றவராகவோ, அல்லது இருவருமே குரூப் பி-யில் நேரடியாகச் சேர்ந்தவர்களாகவோ இருந்தால் அந்தக் குடும்பம் கிரீமி லேயர். இடைநிலை ஆசிரியரான உங்கள் அப்பா இந்த எதிலும் வருவதாகத் தெரியவில்லை. சம்பளம் உட்பட எல்லா வருமானத்தையும் கூட்டிப் பார்ப்பது, பொதுப் பிரிவின் ஏழைகளுக்கான ஈ.டபிள்யூ.எஸ். சான்றிதழுக்குத்தான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பலர் பிள்ளைகளைப் பொதுப் பிரிவில் போட்டுவிடுகிறார்கள்.

இதனால் என்ன போயிற்று தெரியுமா? 2025இல் அட்வான்ஸ்டு எழுதத் தகுதியான மெயின் மதிப்பெண் பொதுப் பிரிவில் 93.10 பர்சன்டைல். ஓ.பி.சி. பிரிவில் 79.43. ஏப்ரல் வரைகூடப் போக வேண்டாம், ஜனவரியில் நீங்கள் வாங்கிய 84.6-ஏ போதுமானதாக இருந்திருக்கும். நீங்கள் தோற்றுப்போகவில்லை. தவறான வரிசையில் நின்றுவிட்டீர்கள். இந்த ஆண்டு அந்தக் கதவு மூடிவிட்டது, வருத்தம்தான். ஆனால் அடுத்த ஆண்டுக்கான கணக்கே இதனால் மாறுகிறது.

இப்போது செய்ய வேண்டியது இது. உங்கள் சமூகத்தின் பெயர் தமிழ்நாட்டுக்கான மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மாநில பி.சி. பட்டியலில் உள்ள எல்லாப் பெயர்களும் அதில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், எழுத்துக்கூட்டலும் பொருந்த வேண்டும். இருந்தால், மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் சான்றிதழுக்கு இ-சேவை வழியாக விண்ணப்பியுங்கள். உங்களிடம் உள்ள பி.சி. சாதிச் சான்றிதழ் இதற்குப் பதிலாகாது. மறுத்தால் வாய்மொழிப் பதிலோடு திரும்பாமல், காரணத்தை எழுத்தில் கேட்டு, வட்டாட்சியரை அப்பா நேரில் பார்க்கட்டும். இன்னொன்று: ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களுக்கான ஜோசா கவுன்சிலிங்கில் அந்தந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ வழங்கிய சான்றிதழைத்தான் ஏற்பார்கள். ஆகவே விண்ணப்பத்துக்காக இப்போது ஒன்று, கவுன்சிலிங்குக்காக 2026 ஏப்ரலுக்குப் பிறகு இன்னொன்று என்று இரண்டு முறை வாங்க வேண்டியிருக்கும்.

உங்கள் மற்ற கேள்விகளுக்கு

187.5 வீணாகாது. முந்தைய ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்தவர்களும் டி.என்.இ.ஏ. கவுன்சிலிங்கில் விண்ணப்பிக்கலாம், வயது வரம்பு இல்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று போட்ட அதே 187.5 அடுத்த ஆண்டும் உங்களுடையதுதான். ஆனால் மதிப்பெண் அப்படியே இருந்தாலும் ரேங்க் அப்படியே இருக்காது. அடுத்த ஆண்டுத் தேர்வு எளிதாக இருந்து 190-க்கு மேல் நிறையப் பேர் வந்துவிட்டால் நீங்கள் பின்னால் தள்ளப்படுவீர்கள். கடந்த மூன்று நான்கு ஆண்டுகளில் 187.5-க்கு என்ன ரேங்க் வந்தது, அந்த ரேங்கில் பி.சி. பிரிவில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு முடிந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதில் மிக மோசமான ஆண்டை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் சேர மனம் ஒப்புமா என்று கேளுங்கள். டிராப் எடுத்து எதுவுமே நடக்காவிட்டால் உங்கள் காலடியில் இருக்கும் தரை அதுதான். பலருக்கு இந்தத் தரையே இருக்காது. உங்களுக்கு இருக்கிறது.

கல்லூரியில் சேர்ந்தாலும் ஜே.இ.இ. எழுதலாம். ஐ.ஐ.டி.யில் இடம் ஏற்றுக்கொண்டவர்கள்தான் மறுபடி அட்வான்ஸ்டு எழுத முடியாது. தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் படித்துக்கொண்டிருப்பது எந்தத் தடையும் அல்ல.

எத்தனை முறை என்பதில்தான் கவனம் வேண்டும். மெயினை, பிளஸ் டூ முடித்த ஆண்டையும் சேர்த்துத் தொடர்ச்சியாக மூன்று ஆண்டுகள் எழுதலாம். உங்களுக்கு 2027 வரை. அட்வான்ஸ்டு அப்படியல்ல: தொடர்ச்சியான இரண்டு ஆண்டுகளில் அதிகபட்சம் இரண்டு முறை. 2025இல் பிளஸ் டூ எழுதிய உங்களுக்கு இனி 2026 ஒன்றுதான். "2026இல் வராவிட்டால் 2027இல் ஐ.ஐ.டி. பார்க்கலாம்" என்ற எண்ணம் மனதில் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். 2024 நவம்பரில் இந்த வாய்ப்பை மூன்றாக உயர்த்துவதாக அறிவித்து, இரண்டு வாரத்துக்குள் திரும்பப் பெற்றார்கள். முதல் அறிவிப்பை நம்பிக் கல்லூரியை விட்டவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் அந்த இடைப்பட்ட நாட்களில் படிப்பை விட்டவர்களுக்கு மட்டும் நீதிமன்றம் வழி செய்தது. விதி மாறும் என்ற நம்பிக்கையில் எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

1.3 பர்சன்டைல் என்றால் எவ்வளவு தூரம்?

பர்சன்டைல் என்பது சதவீதம் அல்ல. 91.8 என்றால் தேர்வு எழுதியவர்களில் 8.2 சதவீதம் பேர் உங்களுக்கு முன்னால் இருக்கிறார்கள் என்று பொருள். 2025இல் இரண்டு அமர்வுகளிலும் சேர்த்து எழுதியவர்கள் சுமார் 14.75 லட்சம். ஆக உங்கள் ரேங்க் சுமார் 1.21 லட்சம். 97 பர்சன்டைலுக்கு 44,000. 98.5-க்கு 22,000. 99-க்கு 14,750. 99.5-க்கு 7,400. மேலே போகப் போக ஒவ்வொரு அரைப் படியும் ஆயிரக்கணக்கானவர்களைத் தாண்டுவதாகும். 84.6இலிருந்து 91.8-க்கு இரண்டு மூன்று மாதத்தில் ஏறியதை வைத்து, இன்னும் பத்து மாதத்தில் 99 தானாக வந்துவிடும் என்று நேர்கோடு போடாதீர்கள். கீழே ஏறுவது பாடத்தை முடித்தால் நடக்கும். மேலே ஏறுவது தவறுகளைக் குறைத்தால்தான் நடக்கும்.

அதே சமயம் உங்கள் எல்லைக்கோடு நீங்கள் நினைத்த இடத்திலும் இல்லை. மத்திய நிறுவனங்களில் ஓ.பி.சி.க்கு 27 சதவீத இடங்களும் தனி ரேங்க் பட்டியலும் உண்டு. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களில் 2018 முதல் பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள் ஒதுக்கி, அவற்றுக்குத் தனியாகக் கடைசி ரேங்க் வெளியிடுகிறார்கள். திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு. ஜோசா தளத்தில் 2025 கடைசிச் சுற்றின் ரேங்க் பட்டியலைத் திறந்து, 'ஹோம் ஸ்டேட்', 'ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர்', 'பெண்கள் மட்டும்' என்ற மூன்றையும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அங்கே வரும் எண்தான் உங்கள் இலக்கு. அது ஓ.பி.சி. பிரிவின் ரேங்க், பொதுப் பட்டியல் ரேங்க் அல்ல என்பதை மறக்காதீர்கள். பிளஸ் டூவில் 75 சதவீதம் வேண்டும் என்ற என்.ஐ.டி. நிபந்தனை மொத்த மதிப்பெண்ணுக்கு. மொழிப்பாடங்களைச் சேர்த்தாலும் நீங்கள் தாண்டிவிடுவீர்கள் என்றே உங்கள் மதிப்பெண்கள் காட்டுகின்றன. ஒருமுறை கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

மூன்று வாரச் சோதனை

டிராப் எடுத்தவர்களில் யாருக்கு மதிப்பெண் ஏறுகிறது? முதல் முறை ஏன் குறைந்தது என்பதற்குத் தெளிவான, சரிசெய்யக்கூடிய காரணம் உள்ளவர்களுக்கு. இரண்டு ஆண்டுகள் முழுப் பயிற்சி எடுத்து, எல்லாப் பாடமும் முடித்து, 92-இல் நின்றவருக்கு மூன்றாவது ஆண்டு பெரிதாக எதையும் மாற்றாது. நீங்கள் பதினொன்றாம் வகுப்பில் பாதிப் பாடத்தைத் தொடாமலேயே, ஆறு மாதத்தில் இந்த இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். ஆகவே காரணம் இருக்கிறது. அது சரிசெய்யக்கூடியதா என்பதை ஊகிக்க வேண்டாம், சோதித்துப் பாருங்கள். சாய்ஸ் ஃபில்லிங்கை விட்டுவிடாமல் செய்துகொண்டே, வகுப்புகள் தொடங்குவதற்குள் இந்த மூன்றையும் முடித்துவிடலாம்.

முதல் சோதனை, ஏப்ரல் தேர்வின் ரெஸ்பான்ஸ் ஷீட்டும் இறுதி அன்சர் கீயும். 75 கேள்விகளில் 58 தொட்டு, 33 சரி, 25 தவறு என்று எழுதியிருக்கிறீர்கள். சரியானதற்கு நான்கு வீதம் 132, அதில் தவறுக்கு ஒன்று வீதம் 25 போய் 107. அந்த 25 தவறுகளையும் நான்கு பத்தியாகப் பிரியுங்கள்: பாடமே தெரியாதது, பாதி தெரிந்து ஊகித்தது, வழி தெரிந்தும் கணக்கில் சறுக்கியது, கேள்வியைத் தவறாகப் படித்தது. கடைசி இரண்டு பத்திகளில் பத்து இருந்தால், அவற்றைச் சரியாகப் போட்டிருந்தால் மட்டும் 50 மதிப்பெண் கூடியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் போன 1-உம் வராத 4-உம் சேர்த்து ஐந்து. ஊகித்த பத்தி பெரிதாக இருந்தால் உங்கள் பிரச்சினை அறிவு அல்ல, விடக் கற்றுக்கொள்ளாததுதான். மாநிலப் பொதுத்தேர்வில் எதையும் விடாமல் எழுதிப் பழகிய கை இது. அங்கே தவறுக்கு மதிப்பெண் கழிவதில்லை. இங்கே எண்ணில் விடை எழுதும் கேள்விகளுக்கும் கழிகிறது, 2025 முதல் அந்தப் பகுதியில் பத்தில் ஐந்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் இல்லை.

இரண்டாவது, நீங்கள் இதுவரை பார்க்காத மூன்று பழைய வினாத்தாள்கள். வாரத்துக்கு ஒன்று, கணினியில், காலை 9 முதல் 12 வரை அல்லது மாலை 3 முதல் 6 வரை. தேர்வும் அந்த நேரத்தில்தான் நடக்கிறது. மொத்த மதிப்பெண்ணைவிட, தொட்டதில் எத்தனை சரி என்பதைப் பாருங்கள். ஏப்ரலில் 58-க்கு 33, அதாவது 57 சதவீதம். மூன்றாவது தாளில் அது 70-ஐத் தாண்டினால் நல்ல அறிகுறி.

மூன்றாவதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் நீங்கள் தொடாமல் விட்ட ஒரு கடினமான பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திண்மப் பொருள்களின் சுழற்சி இயக்கம் பொருத்தமாக இருக்கும். எட்டு நாள், யாரும் பக்கத்தில் உட்காராமல், நீங்களே படித்து, பிறகு பழைய மெயின் கேள்விகள் 30 போடுங்கள். 18-க்கு மேல் சரியாக வந்தால், டிராப் ஆண்டின் தனிமையில் உங்களால் முன்னேற முடியும். எட்டு நாளில் மூன்றாவது நாளே புத்தகத்தை மூடிவிட்டீர்கள் என்றால், அதுவும் ஒரு பதில்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பயிற்சி மையத்தில் பணம் கட்டினாலும் பெரும்பாலான நேரம் தனியாகத்தான் உட்கார வேண்டியிருக்கும்.

மூன்றில் இரண்டு தேறினால் டிராப் எடுங்கள் என்பதே என் கருத்து. ஓ.பி.சி. சான்றிதழ் கிடைப்பது உறுதியானால் இன்னும் திடமாகச் சொல்வேன். இரண்டு தேறாவிட்டால் இ.சி.இ.யில் சேருங்கள்.

சேர்ந்துகொண்டே எழுதுவது

எல்லோரும் 'பாதுகாப்பான வழி' என்று சொல்வது இதுதான். மெயினுக்கு ஓரளவு சரி, அட்வான்ஸ்டுக்குப் பெரும்பாலும் சரிவராது. முதல் செமஸ்டர் தேர்வு டிசம்பர், ஜனவரி வாக்கில் வரும். ஜே.இ.இ. முதல் அமர்வும் ஜனவரியில். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீத வருகை வேண்டும். 65-க்கும் கீழே போனால் தேர்வெழுத முடியாது, அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டும். ஜே.இ.இ.க்காக வகுப்பைத் தவிர்த்து, இரண்டு அரியரும் வாங்கி, ஜனவரியில் 93-இல் நின்றால் இரண்டு பக்கமும் இழப்பு. வேலைக்கு ஆள் எடுக்க வரும் பல நிறுவனங்கள் நிலுவை அரியர் இருந்தால் உள்ளேயே விடுவதில்லை.

இந்த வழியில் போவதானால் ஓர் எல்லை வையுங்கள்: ஜனவரி ஒரு முறை மட்டும், வார இறுதிகளில் மட்டும் படிப்பு, ஐ.ஐ.டி. ஆசை இல்லை, திருச்சி போன்ற ஒன்றிரண்டு இடங்கள் மட்டும் இலக்கு. ஜனவரி முடிவு அந்த இடங்களுக்கு எட்டாவிட்டால் ஏப்ரலை மறந்துவிட்டு இரண்டாம் செமஸ்டரைப் பாருங்கள்.

நடுவில் விலகுவதாக இருந்தால் சட்டம் தெரிந்திருக்கட்டும். வகுப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதிக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய கவுன்சிலின் (ஏ.ஐ.சி.டி.இ.) விதி. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது. படிக்காத ஆண்டுகளுக்கான கட்டணத்தைக் கேட்கவும் கூடாது. கேட்பார்கள். கேட்டால் விலகல் கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, நகலை வைத்துக்கொண்டு, பதில் வராவிட்டால் ஏ.ஐ.சி.டி.இ. குறைதீர் தளத்தில் புகார் செய்யுங்கள். கல்லூரியில் சேரும் முன்பே எல்லாச் சான்றிதழ்களையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வது நல்லது. இன்னொரு வேண்டுகோள்: விடப் போவதாக முடிவு செய்துவிட்டால் சீக்கிரம் விடுங்கள். கவுன்சிலிங் முடிந்தபின் காலியாகும் இடம் பெரும்பாலும் யாருக்கும் போய்ச் சேர்வதில்லை. அது 185-இல் நிற்கும் இன்னொரு பிள்ளையின் இடம்.

டிராப் எடுத்தால்

அக்டோபர் இறுதிக்குள் பதினொன்றாம் வகுப்புப் பாடம் முழுவதும் முடிய வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு உங்களுக்கு ஏற்கெனவே கையில் இருப்பதால் அதைப் பழைய கேள்விகள் வழியாக மட்டும் புதுப்பித்தால் போதும். வேதியியலில் கனிம வேதியியலுக்கு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை வரி வரியாகப் படியுங்கள். நம் மாநிலப் புத்தகம் தரத்தில் குறைந்தது அல்ல, ஆனால் கேள்வியின் சொற்கள் அந்தப் புத்தகத்திலிருந்து வருகின்றன. 2024இல் மெயின் பாடத்திட்டத்தைச் சுருக்கினார்கள்: திட நிலைமை, பரப்பு வேதியியல், கணிதத் தொகுத்தறிதல் போன்றவை போய்விட்டன. அட்வான்ஸ்டின் பாடத்திட்டம் தனி. பழைய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இல்லாத பாடத்தைப் படிப்பவர்களும், மெயினில் இல்லை என்று அட்வான்ஸ்டில் உள்ளதை விட்டவர்களும் உண்டு. இரண்டு பட்டியலையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

மெயின் வினாத்தாளைத் தமிழிலும் எழுதலாம். அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். பத்து வரை தமிழ் வழியில் படித்த நீங்கள் ஆங்கிலத்திலேயே பயிற்சி எடுப்பதுதான் சரி.

நவம்பரிலிருந்து வாரம் ஒரு முழுத் தேர்வு. அதற்கு மறுநாள் முழுவதும் அந்தத் தேர்வின் தவறுகளுக்கு. தேர்வு எழுதுவதைவிட இந்த மறுநாள்தான் மதிப்பெண்ணைக் கூட்டும். அவசரத்தில் இதைத்தான் முதலில் கைவிடுகிறார்கள். தேசியத் தேர்வு முகமை தன் தளத்தில் மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. மத்தியக் கல்வி அமைச்சகத்துக்காக ஐ.ஐ.டி. கான்பூர் நடத்தும் 'சாத்தி' தளத்திலும் பாடங்களும் பயிற்சிகளும் இலவசம். பயிற்சி மையம் கட்டாயமில்லை. சேர்வதானால் பணத்தைத் தவணையாகக் கட்டுங்கள். பாதியில் விலகினால் மீதி நாட்களுக்கான கட்டணத்தையும் விடுதிப் பணத்தையும் பத்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று 2024 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதைச் சுட்டிக்காட்டி, திருப்பித் தரும் நிபந்தனையை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

விண்ணப்பத்தில் பெயர், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி இருக்க வேண்டும். நம் ஊரில் இனிஷியல் ஆதாரில் பின்னால், மார்க் ஷீட்டில் முன்னால், சாதிச் சான்றிதழில் அப்பா பெயராக விரிந்து என்று மூன்று விதமாக இருக்கும். இப்போதே ஒன்றாக்கிவிடுங்கள், டிசம்பரில் இதற்காக அலைய முடியாது.

பிப்ரவரியில் ஜனவரி முடிவு வரும். 97-க்கு மேல் என்றால் அட்வான்ஸ்டுக்கு முழு மூச்சாக இறங்குங்கள். அதற்குக் கீழே என்றால் ஏப்ரல் மெயினை மட்டும் பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் கால் வைக்காதீர்கள். இரண்டு அமர்வில் எது கூடுதலோ அதுதான் கணக்கில் வரும் என்பதால் ஏப்ரலில் இழக்க ஒன்றுமில்லை. மே மாதம் டி.என்.இ.ஏ. பதிவு திறந்தவுடன், ஜே.இ.இ.யில் என்ன வந்திருந்தாலும், முதல் வாரத்திலேயே பதிந்துவிடுங்கள். 'ஐ.ஐ.டி.தான் கிடைக்கப் போகிறதே' என்று இதை விட்டவர்கள் பிறகு நிர்வாக ஒதுக்கீட்டில் லட்சக்கணக்கில் கொடுத்துச் சேர்கிறார்கள். உங்கள் தரை இந்தப் பதிவில்தான் இருக்கிறது.

அந்த ஆண்டில் தொடர்ந்து இரண்டு வாரம் தூக்கம் வராமல், சாப்பிடப் பிடிக்காமல், எதற்கும் அழுகை வந்தால், அதைச் சோம்பல் என்று நீங்களோ வீட்டிலோ நினைக்காதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

இ.சி.இ.யில் சேர்ந்தால்

அது தோல்வியின் பாதை அல்ல. உங்களுக்குக் கணினி அறிவியல்தான் வேண்டுமென்றால், அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறை 18 கூடுதல் கிரெடிட்டில் மைனர் (துணைப் பாடப்) பட்டம் எடுக்க வழி தந்தது. உங்கள் தன்னாட்சிக் கல்லூரியில் அது எப்படி இருக்கிறது என்று சேரும்போதே கேளுங்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை, நான்கு வாரப் பாடமும் ஒரு தகுதித் தேர்வும் போதும், கல்லூரிப் படிப்போடு சேர்த்தே படிக்கலாம். மூன்றாம் ஆண்டிலேயே, எம்.டெக். நுழைவுத் தேர்வான கேட் எழுதலாம். அதன் வழியாக ஐ.ஐ.டி.யில் எம்.டெக். சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பதினெட்டு வயதில் திறக்காத கதவு இருபத்திரண்டில் இன்னொரு பக்கமாகத் திறக்கிறது என்பது இங்கே வெறும் ஆறுதல் பேச்சல்ல, ஆண்டுதோறும் நடக்கும் சேர்க்கை.

அம்மாவிடம்

அவர் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். ஒரு வருடம் போனால் படிப்பே நின்று கல்யாணப் பேச்சு வந்துவிடுமோ, சொந்தக்காரர்கள் கேட்பார்களோ என்பதுதான் அதன் அடியில் இருக்கும். அதற்கு 'என்னால் முடியும்' என்று சொல்வது பதில் ஆகாது. ஒரு தாளில் ஐந்து வரி எழுதிக் கொடுங்கள்: இது ஒரே ஆண்டு, 2026 ஆகஸ்டில் எங்காவது சேர்ந்துவிடுவேன், எதுவும் வராவிட்டால் கிடைக்கக்கூடிய கல்லூரி இது, செலவு இவ்வளவு, பிப்ரவரியில் முடிவை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுவோம். வேலை வாய்ப்பைப் பொறுத்தவரை, பிளஸ் டூவுக்கும் கல்லூரிக்கும் நடுவில் ஓர் ஆண்டு இடைவெளியைப் பெரும்பாலான நிறுவனங்கள் பொருட்படுத்துவதில்லை. இரண்டு ஆண்டானால் சிலர் கேட்பார்கள்.

உங்கள் அண்ணனோ தம்பியோ இதே மதிப்பெண்ணோடு நின்றிருந்தால் வீட்டில் இந்த ஒரு வருடத்தைக் கொடுத்திருப்பார்களா என்று அப்பாவிடம் மென்மையாக ஒருமுறை கேளுங்கள். வகுப்பறையில் எத்தனையோ பெண் பிள்ளைகளைப் பார்த்த ஆசிரியர் அவர். இந்தக் கேள்வி அவருக்குப் புரியும். வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும் வழியில் கேட்டால் இன்னும் நல்லது. அந்தச் சான்றிதழ் வேலை நாளைக்கே தொடங்க வேண்டும்.